இட்லிப் பானையில் தைலம் வடிக்கலாம்

பினாங்கில் வீட்டுச் சமையலறையில் விஸ்கி வடிக்க முடியாது. பார்லி கிடைக்காமல் இல்லை, பானை கிடைக்காமல் இல்லை. உரிமம் இல்லாமல் மது வடிப்பது மலேசியாவின் 1976ஆம் ஆண்டுக் கலால் சட்டப்படி குற்றம், அவ்வளவுதான். நியூசிலாந்தில் 1996 முதல் சொந்த உபயோகத்துக்கு வீட்டிலேயே வடித்துக்கொள்ளலாம். அந்த ஊர்க்காரர் சொல்லும் செய்முறையை நம்பி இந்த ஊர் பிளாட்டில் அடுப்பைப் பற்ற வைத்தால், சுங்கத்துறை வந்து கதவைத் தட்டும்.

சட்டத்தை விடுங்கள். தோட்டத்து வாழ்க்கையைப் பார்த்த குடும்பங்களில் 'சம்சு' என்ற மலிவுச் சாராயத்தின் பெயரைச் சொன்னாலே பெரியவர்கள் முகம் மாறும். 2018 செப்டம்பரில் சிலாங்கூர், கோலாலம்பூர் வட்டாரத்தில் மெத்தனால் கலந்த மதுவைக் குடித்துப் பல பேர் செத்தார்கள். பெரும்பாலும் பிழைப்புக்காக வந்த வெளிநாட்டுத் தொழிலாளர்கள். மெத்தனாலை மூக்கால் மோந்து கண்டுபிடிக்க முடியாது, நாக்காலும் முடியாது. இந்த விஷயத்தில் 'நமக்குத் தெரியும்' என்கிற ஆளைக் கண்டால் நான் இரண்டடி தள்ளியே நிற்பேன்.

ஆனால் எனக்கு இருந்தது குடிக்கிற ஆசை இல்லை, வடிக்கிற ஆசை. ஸ்காட்லாந்தில் வாலையிலிருந்து, அதாவது வடிக்கும் பாத்திரத்திலிருந்து, வருவதை மூன்றாகப் பிரிப்பார்கள். முதலில் வருவதில் நெடி அதிகம், அதை ஒதுக்கிவிடுவார்கள். நடுவில் வருவதை மட்டும் பீப்பாய்க்கு அனுப்புவார்கள். கடைசியில் வருவது சப்பென்று, ஈரத்துணி வாடையோடு இருக்கும். அதையும் ஒதுக்கியதோடு சேர்த்து அடுத்த ஈட்டில் ஊற்றி மறுபடி வடிப்பார்கள். எங்கே வெட்டுவது, எங்கே நிறுத்துவது என்பதில்தான் அந்தத் தொழிலாளியின் கெட்டிக்காரத்தனம் முழுக்க இருக்கிறது. இதைப் படித்ததிலிருந்து கை அரித்துக்கொண்டே இருந்தது. சாராயம்தான் கூடாது, வாசனைப் பொருள்களைத் தண்ணீரோடு வடிக்க யார் தடுத்தார்கள்? சித்த வைத்தியத்தில் தீநீர் என்று ஒரு மருந்து வகையே வாலையில் வடிப்பதுதானே. ஓமத்தீநீர் குடிக்காத தமிழ்க் குழந்தை உண்டா?

முதலில் பணமே செலவழிக்காமல் பழகுங்கள். வீட்டில் உள்ள பெரிய எவர்சில்வர் பானை, நடுவில் நன்றாகக் கழுவிக் கொதிக்க வைத்த ஒரு கல், கல்லின் மேல் ஒரு கிண்ணம். கல்லைச் சுற்றி இலையும் தண்ணீரும். மூடியைக் கவிழ்த்துப் போட்டு, அதன் குழியில் ஐஸ் வைக்க வேண்டும். ஆவி மேலே போய், குளிர்ந்த மூடியில் பட்டு, மூடியின் கைப்பிடி வழியாகச் சொட்டுச் சொட்டாகக் கிண்ணத்தில் விழும். தைலம் பிரியாது, வாசனைத் தண்ணீர் மட்டும்தான் கிடைக்கும். போதும். அடுப்பை எவ்வளவு குறைக்க வேண்டும், வாசனை எப்போது மாறுகிறது என்பதெல்லாம் இந்தப் பானையிலேயே பிடிபட்டுவிடும்.

அடுத்த கட்டத்துக்கு இட்லிப் பானையைவிடத் தோதான சாமான் எனக்குத் தெரியவில்லை. அடியில் தண்ணீர், மேலே ஓட்டைத் தட்டு, தட்டின் மேல் இலை. இலை பானையின் அடியைத் தொடாததால் தீயாது. தீய்ந்த வாடை ஒரு துளி ஏறினாலும் மொத்த வடிநீரும் வீண். எத்தனை நாள் வைத்தாலும் அது போகாது. மூடியில் துளை போட்டு, ஏர்கோன் போடுகிறவர்கள் வைத்திருக்கும் செம்புக் குழாயை இணைத்துக்கொள்ளலாம். 3/8 அங்குலக் குழாய் 3 மீட்டர் இருந்தால் சுருளுக்குப் போதும். வளைக்கும் முன் குழாய்க்குள் நைஸ் உப்பை இறுக்கி நிரப்பி, இரண்டு முனையையும் அடைத்துவிட்டு வளைத்தால் நசுங்காது. பிறகு தண்ணீர் விட்டுக் கழுவினால் உப்பு கரைந்து போய்விடும். பற்றவைப்பது என்றால் ஈயம் கலக்காத பற்றாசு வேண்டும். நான் பற்றவைக்கவே இல்லை, ஸ்டீல் நட்டுப் போட்டு முறுக்கிவிட்டேன்.

சுருள் முழுக்கக் கீழ்நோக்கியே இறங்க வேண்டும். நடுவில் எங்காவது குழி விழுந்தால் அங்கே தண்ணீர் தேங்கிக் 'களக் களக்' என்று சத்தம் போடும், வடிவது விட்டு விட்டு வரும். குழாயின் முனையில் வால்வு, குழாய்த்திருகு எதுவும் கூடாது. ஆவி வெளியே போக வழி எப்போதும் திறந்திருக்க வேண்டும். பானைக்கும் மூடிக்கும் நடுவில் கோதுமை மாவைப் பிசைந்து ஒட்டுவது அழகுக்காக இல்லை. உள்ளே எங்காவது அடைத்துக்கொண்டால் மாவு பிய்த்துக்கொண்டு ஆவி வெளியே போய்விடும். பிரஷர் குக்கரில் குழாய் மாட்டலாமா என்று கேட்பவர்கள் நிறைய. மூடி பூட்டிக்கொள்ளும் பாத்திரம், ஒரு இலைத் துண்டு போய்க் குழாயை அடைத்தால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள். வேண்டாம்.

புதுச் செம்புக் குழாயில் முதல் ஈட்டுக்கு வெறும் தண்ணீரும் கொஞ்சம் வினிகரும் விட்டு வடித்து, வருவதைக் கொட்டிவிடுங்கள். பச்சையோ நீலமோ ஓடுகிற வடிநீர் எதுவாக இருந்தாலும் சாக்கடைக்குத்தான். குழாயை ஒவ்வொரு முறையும் புளித்தண்ணீர் விட்டு அலசி, ஊதிக் காய வைத்தால் களிம்பு பிடிக்காது. நம் வீட்டுக் குத்துவிளக்குக்குச் செய்கிற அதே வேலைதான்.

இனி இலைக்கு வருவோம். ஆரம்பிக்கிறவர்களுக்கு எலுமிச்சைப்புல், அதாவது செராய். மார்க்கெட்டில் கட்டுக் கட்டாக விற்பது தண்டு. தைலம் அதிகம் இருப்பதோ இலையில். விற்கிறவர் வெட்டித் தூக்கிப் போடுகிற பகுதிதான் நமக்கு வேண்டியது! ஆயர் ஈத்தாம் பாசாரில் காய்கறிக்கார அக்காவிடம் இலையோடு வேண்டும் என்று முதல்முறை கேட்டபோது, "இலைய வச்சு என்ன தம்பி செய்யப் போற, மாடு வளக்கிறியா?" என்றார். இப்போது பை நிறையக் கட்டி வைத்துவிடுகிறார். காசு வாங்குவதில்லை. வாரம் ஒரு வாசனைச் சோப்பு வாங்கிக்கொள்கிறார், அது எங்களுக்குள் உள்ள கணக்கு.

செராய் வாங்கி என்று இன்னொரு புல் உண்டு, அடித்தண்டு செக்கச் சிவந்திருக்கும். கொசு விரட்டும் சிட்ரோனெல்லா தைலம் அதிலிருந்து வருவது. இரண்டையும் கலந்துவிடாதீர்கள், வாசனை வேறு, வேலையும் வேறு. எலுமிச்சைப்புல்லின் வாசனைக்குக் காரணம் சிட்ரல். அது தனியாகக் கொதிக்க 229 டிகிரி வேண்டும். ஆனால் தண்ணீரோடு சேர்ந்து ஆவியாகும்போது 100 டிகிரிக்குச் சற்றுக் கீழேயே கிளம்பி வந்துவிடுகிறது. ஒன்றோடொன்று கலக்காத இரண்டு திரவங்கள் ஒரே பானையில் இருந்தால், இரண்டின் ஆவி அழுத்தமும் சேர்ந்துதான் வெளிக்காற்றைத் தள்ளுகின்றன. அதனால் சீக்கிரமே கொதி வந்துவிடும். இது மட்டும் இல்லையென்றால் தைலம் எடுக்கும் தொழிலே கிடையாது.

இலையை முதல் நாள் இரவே நிழலில் பரப்பி வாட விடுங்கள். வாடினால் பானையில் அதிகம் அடங்கும். மறுநாள் ஓர் அங்குலத் துண்டாக நறுக்கவும். கையுறை போட்டுக்கொள்ளுங்கள், அந்த இலையின் விளிம்பு விரலைக் கீறிவிடும், தெரியவே தெரியாது, எலுமிச்சை பட்டால்தான் எரியும். தட்டில் அடுக்கும்போது எங்கும் இடைவெளி விழாமல் கையால் அமுக்கி நிரப்புங்கள். ஆவி சோம்பேறி. ஒரு பொந்து கிடைத்தால் அந்த வழியாகவே போய்விடும், மீதி இலை பச்சையாகவே கிடக்கும்.

அடுப்பு நடுத்தரத்தில் எரியட்டும். குழாய் முனையில் முதல் சொட்டு விழுந்ததும் குறைத்துவிடுங்கள். சொட்டுகளை எண்ண முடிகிற வேகம்தான் சரியான வேகம். ஒழுக ஆரம்பித்தால் தீ அதிகம் என்று அர்த்தம். முதல் சில சொட்டுகளிலேயே சமையலறை மணக்கும். ஒரு கிலோ இலைக்கு 2 முதல் 4 மில்லி தைலம் வந்தால் சந்தோஷப்படுங்கள், அதுவே நல்ல விளைச்சல். வாய் அகன்ற பாட்டிலில் பிடித்தால் அந்த 2 மில்லி படலமாகப் பரவிக் கண்ணுக்கே தெரியாது. கழுத்து நீண்டு ஒடுங்கிய பாட்டிலில் பிடித்தால், கழுத்து வரை தண்ணீர் ஏறியதும், அதன் மேல் வெளிர்மஞ்சளாக ஒரு விரற்கடை உயரத்துக்குத் தைலம் தனியாக நிற்கும். சொட்டுக்குழலால் உறிஞ்சி எடுக்கலாம். பிரிய அடம் பிடித்தால் ஒரு சிட்டிகை உப்பு போடுங்கள், தண்ணீர் கனமாகித் தைலத்தை மேலே தள்ளிவிடும்.

விஸ்கிக்காரர்களிடம் நான் கற்ற பாடம் உதவியது இங்கேதான். தைலத்தைவிட வாசனைத் தண்ணீர்தான் முக்கியம் என்றால், எல்லாவற்றையும் ஒரே பாத்திரத்தில் பிடிக்காதீர்கள். கோழி எசென்ஸ் பாட்டில்களைக் கழுவிக் கொதிக்க வைத்துச் சேர்த்து வையுங்கள். 70 மில்லி பிடிக்கும் கண்ணாடி, இலவசம். ஒவ்வொரு பாட்டிலும் நிறைந்ததும் மாற்றி, எண் எழுதி ஒட்டுங்கள். அன்றே மோந்து பார்த்து முடிவு செய்ய வேண்டாம். வடிக்கிற அன்று வீடே மணக்கிறது, மூக்கு மரத்துப் போயிருக்கும். மறுநாள் காலையில், பல் துலக்கிவிட்டு, தேத்தண்ணீர் குடிக்கும் முன், ஒவ்வொன்றிலும் ஒரு கரண்டி எடுத்து ஒரு டம்ளர் தண்ணீரில் விட்டு மோந்து பாருங்கள். விஸ்கி கலக்குகிறவர்களும் தண்ணீர் விட்டுத்தான் மோப்பார்கள். 1, 2, 3 எல்லாம் எலுமிச்சை. 4இல் லேசாகப் புல். அதற்கு அப்புறம் கொதித்த கீரைத் தண்ணீர். அந்தக் கீரைத் தண்ணீரை ஆசைப்பட்டு முதல் பாட்டில்களோடு சேர்க்கிறவர்களுடைய வடிநீர்தான் 'கடையில் வாங்கியது மாதிரி இல்லையே' என்ற பேச்சை வாங்குகிறது. கடைசிப் பாட்டில்களை அடுத்த ஈட்டுக்குப் பானையிலேயே ஊற்றிவிடுங்கள். வீணாகாது.

புதிதாக வடித்ததில் ஒரு பச்சை நெடி இருக்கும். பாட்டில் வாயில் துணி கட்டி, குளிர்ந்த இடத்தில் சில நாள் விட்டால் அடங்கிவிடும். அதற்குள் 'சரியில்லை' என்று கொட்டிவிடாதீர்கள்.

குளிர்விப்பதுதான் இந்த ஊரில் பெரிய தலைவலி. ஸ்காட்லாந்துக்காரனுக்கு ஆற்றுத் தண்ணீரே ஐஸ் மாதிரி வரும்; நம் குழாயில் மதியம் வருவது கிட்டத்தட்ட 30 டிகிரி. நான் தொழிற்சாலையில் மெஷின் பார்க்கிற ஆள், கணக்குப் போட்டுப் பார்த்தேன். ஆவி குளிர்ந்து ஒரு லிட்டர் தண்ணீராக மாறும்போது சுமார் 2,260 கிலோஜூல் வெப்பத்தை விடுகிறது. 10 லிட்டர் வாளியில் சுருளை வைத்தால், அந்த ஒரு லிட்டர் வடிவதற்குள் வாளித் தண்ணீர் 50 டிகிரிக்கு மேல் சூடேறிவிடும். வடிநீர் ஆவி பறக்க வரும், வாசனை ஜன்னல் வழியாகப் பக்கத்து வீட்டுக்குப் போகும். ஐஸை மட்டும் நம்பினால் ஒரு லிட்டருக்கு ஐந்து, ஐந்தரை கிலோ ஐஸ் வேண்டும். ஆகவே ஒரு லிட்டர் வடிக்க நினைக்காதீர்கள். அரை லிட்டரோடு நிறுத்துங்கள். நல்ல வாசனை எல்லாம் அதற்குள்ளேயே வந்துவிடுகிறது. மீன்தொட்டிக்குப் போடுகிற சின்னப் பம்ப் ஒன்று இருந்தால், சுருளைச் சுற்றித் தண்ணீர் கீழிருந்து ஏறி மேலே வெளியேறும்படி ஓட விடலாம். தொட்டுப் பார்த்தால் வடிநீர் சூடு தெரியாமல் இருக்க வேண்டும், அதுதான் அளவு.

எலுமிச்சைப்புல் கை வந்ததும் கிராம்பு. லெபு பாசார் பக்கத்து மளிகைக் கடையில் பாயிடம் கேட்டால், கையில் ஒரு கிராம்பை எடுத்து நகத்தால் அழுத்திக் காட்டுவார். எண்ணெய் கசிந்தால்தான் நல்ல சரக்கு. காய்ந்த கிராம்பில் 15 முதல் 20 சதவீதம் வரை தைலம் இருப்பதால், கத்துக்குட்டிக்கும் கண்ணுக்குத் தெரிகிற அளவு கிடைக்கும். இதைத் தட்டில் வைக்க வேண்டாம், ஒன்றிரண்டாக இடித்துத் தண்ணீரிலேயே போடலாம். வருவது பால் மாதிரி வெள்ளையாக வரும். பாட்டிலை வெளிச்சத்துக்குக் காட்டினால், அந்த வெள்ளைக்குள் குண்டூசித் தலை அளவு மணிகள் மெல்லக் கீழே இறங்குவது தெரியும். ஒன்றோடொன்று தொட்டுக்கொண்டு கொஞ்ச நேரம் தனித்தனியாகவே இருந்து, திடீரென்று ஒன்றாகிவிடும். இந்தத் தைலம் மிதக்காது, மூழ்கும். அதில் பெரும்பங்காக இருக்கும் யூஜினால் தண்ணீரைவிடக் கொஞ்சமே கொஞ்சம் கனம். அதனால் இங்கே உப்பு போடக் கூடாது. தண்ணீரைக் கனமாக்கினால் தைலம் இறங்காமல் பாதியிலேயே தொங்கும். ஒரு ராத்திரி விட்டால் அதுவாகவே அடியில் சேர்ந்துவிடும். மேலே உள்ள பால் தண்ணீரை மறுபடி பானைக்கே ஊற்றி வடியுங்கள், அதில் இன்னும் நிறைய இருக்கிறது. கிராம்பு பொறுமைசாலிகளுக்கானது, சட்டென்று விட்டுக்கொடுக்காது.

ஓமம் வடித்த அன்று அம்மா பாட்டிலைத் திறந்து மோந்து பார்த்துவிட்டு, "கடையில விக்கிறதவிட இது நல்லா இருக்கேடா. பேரனுக்கு வயிறு உப்பிக் கிடக்கு, ஒரு ஸ்பூன் குடுப்போமா?" என்றார். "வேணாம்மா, இதுல எவ்வளவு இருக்குன்னு நமக்கு அளவு தெரியாது" என்றேன். ஓமத்துக்கு அந்தக் காரமான வாசனையைத் தருகிற தைமால் என்ற பொருள், ஓமத் தைலத்தில் பாதி வரை இருக்கலாம். வீட்டில் வடித்த தண்ணீரில் அது எவ்வளவு கரைந்திருக்கிறது என்று நாக்கால் சொல்ல முடியாது. பெரியவர்கள் வாய் கொப்பளிக்கலாம். கைக்குழந்தைக்கு மருந்துக் கடையில் அளவு போட்டு விற்பதை, அதுவும் டாக்டரிடம் கேட்டுத்தான். அம்மாவுக்கு வருத்தம்தான். ஒரு வாரம் என் வடிநீரைப் பற்றி யாரிடமும் பெருமை பேசவில்லை. ஓமத்தை லேசாக நசுக்கிய பிறகு வடியுங்கள், முழுதாகப் போட்டால் பாதி தைலம் விதைக்குள்ளேயே தங்கிவிடும். பிரித்த தைலத்தைக் குளிர்ப்பெட்டியில் வைத்தால் அதில் உள்ள தைமால் பளிங்காக உறையும், நாட்டு மருந்துக் கடையில் ஓம உப்பு என்று விற்பது இதுதான்.

பினாங்கில் இருந்துகொண்டு ஜாதிக்காயைத் தொடாமல் விடலாமா? கிழக்கிந்தியக் கம்பெனி மொலுக்காஸ் தீவுகளிலிருந்து கன்று கொண்டுவந்து நட்ட பயிர். 1860 வாக்கில் நோய் விழுந்து பெரிய தோட்டங்கள் போய்விட்டன, ஆனால் பாலிக் பூலாவில் இன்னும் மரங்கள் நிற்கின்றன. கொட்டையை வடிக்கப் போனால் சிரமம். அதில் கால்பங்குக்கு மேல் கொழுப்பு. பொடித்தால் களியாகி அடியில் ஒட்டும், நுரைத்துக் குழாய்க்குள் ஏறும். நான் சொல்வது ஜாதிபத்திரி, கொட்டையைச் சுற்றியுள்ள அந்தச் சிவப்பு வலை. தோட்டத்து அங்கிளிடம் நேரில் வாங்கிக் காய வைத்து, நொறுக்கித் தட்டிலேயே வைத்து வடிக்கலாம். எனக்கு இதுவரை வந்ததில் மிகவும் பிடித்த வாசனை இதுதான். பைன் மரமும் மிளகும் கலந்தாற்போல் ஆரம்பித்து, இரண்டாவது பாட்டிலில் இனிப்பாக மாறும். குடிக்க மட்டும் நினைக்காதீர்கள். ஜாதிக்காய்த் தைலம் அளவு மீறினால் தலை சுற்றும், நெஞ்சு படபடக்கும், புத்தி தடுமாறும்.

சில பொருள்கள் மினக்கெடத் தகுதியில்லாதவை. பாண்டான் இலை, அதாவது ரம்பை, அதில் முதலிடம். பாசுமதி அரிசியில் உள்ள அதே வாசனைப் பொருள்தான் அதிலும். இருப்பதே துளியிலும் துளி, அதுவும் நிலைக்காது. வடித்த அன்று பாயசம் மணக்கும், அப்புறம் வெறும் தண்ணீர். மல்லிகையையும் நிறையப் பேர் கேட்கிறார்கள். அந்தப் பூ ஆவியின் சூட்டைத் தாங்காது, வாசனை குலைந்துவிடும். ரோஜாவில் பன்னீர் எடுக்கலாம். ஆனால் கேமரன் மலையிலிருந்து வரும் கட்டு ரோஜாவில் பெரும்பாலும் வாசனையே கிடையாது, அழகுக்காக வளர்ப்பது. பூச்சிமருந்து வேறு அடித்திருப்பார்கள். மாலை கட்டி மிஞ்சிய பூவை முகத்தில் தெளிக்கும் பன்னீராக்குவது நல்ல யோசனை இல்லை. வீட்டுத் தொட்டியில் நாட்டு ரோஜா வைத்திருப்பவர்கள் மட்டும் விடிகாலையில் பறித்து முயன்று பாருங்கள். ரோஜாவின் வாசனையில் ஒரு பங்கு தண்ணீரில் கரையக்கூடியது. அதனால்தான் தைலம் துளி கூடப் பிரியாவிட்டாலும் பன்னீர் மணக்கிறது.

பத்திரப்படுத்துவது பற்றி. வாசனைத் தண்ணீரில் கிருமி வளரும், அதிலும் நம் ஊர்ப் புழுக்கத்தில் சொல்லவே வேண்டாம். கொதிக்க வைத்த கண்ணாடி பாட்டில், குளிர்ப்பெட்டி, சில வாரத்துக்குள் தீர்த்துவிட வேண்டும். உள்ளே நூல் நூலாக ஏதாவது மிதந்தால் கொட்டிவிடுங்கள். தைலத்தைப் பிளாஸ்டிக்கில் வைக்காதீர்கள், கிராம்புத் தைலம் சில பிளாஸ்டிக்கைக் கரைத்தே விடும். அடர்நிறக் கண்ணாடி பாட்டிலில் விளிம்பு வரை நிரப்புங்கள். தோலில் தடவுவதென்றால் 100 மில்லி தேங்காய் எண்ணெய்க்கு அரை மில்லி, அதற்கு மேல் வேண்டாம். பூனை வளர்ப்பவர்கள் கிராம்பு, ஓமம் இரண்டையும் அது புழங்கும் இடத்தில் வைக்கக் கூடாது, பூனையின் ஈரலுக்கு அந்தத் தைலங்கள் விஷம்.

இட்லிப் பானை விஷயமும் சொல்லிவிடுகிறேன். எலுமிச்சைப்புல் வாசனை சோடா மாவும் வினிகரும் போட்டுத் தேய்த்தால் போய்விடும். கிராம்பு போகாது. ஓமம் போகவே போகாது. "இனிமே இந்தப் பானையில இட்லி ஊத்த மாட்டேன், நீங்களே வச்சுக்குங்க" என்று வீட்டில் சொல்லிவிட்டார்கள். புதுப் பானை வாங்கிக் கொடுத்தாயிற்று. ஆரம்பத்திலேயே தனிப் பானை வாங்குவது நல்லது. 6 தட்டுப் பானையே போதும், பெரியது எடுத்தால் அடுப்பும் பத்தாது, ஐஸும் பத்தாது.